பிரேக் வேலைக்கு 13,800 ரூபாய் வாங்கினார்கள், பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றவே இல்லை

கோயம்புத்தூரில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் லீவுக்கு மலை ஏறுகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒர்க் ஷாப் பெயரை இங்கே போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் நடந்தது அந்த ஒரு கடையில் மட்டும் நடக்கிற விஷயமில்லை.

என்னுடையது பழைய வேகன் ஆர். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைப் பேட் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும்), பின்னால் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் கூட்டின் உள்பக்கம் ஷூ விரிந்து உரசி நிறுத்தும்). மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகலாம் என்று முடிவானதும், பிரேக் மிதிக்கும்போது முன்பக்கம் கிரீச்சென்று சத்தம் வருகிறதே, பார்த்துவிடலாம் என்று வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற ஒர்க் ஷாப்பில் விட்டேன். மூன்று வருஷமாக ஆயில் மாற்றுவது, ஏசி கேஸ் அடிப்பது எல்லாம் அங்கேதான். நம்பிக்கை இருந்தது. மதியம் போன் வந்தது: "சார், பேட் சுத்தமா போச்சு, டிஸ்க்கும் தேஞ்சிருச்சு, மாஸ்டர் சிலிண்டர் வீக்கா இருக்கு, பின்னாடி ஷூவும் மாத்தணும். மலைக்குப் போறீங்கன்னு சொன்னீங்க, ரிஸ்க் எடுக்காதீங்க." (மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உறுப்பு.) அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் இப்படிச் சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்? மாற்றிவிடுங்கண்ணே என்றேன்.

சாயங்காலம் வண்டி ரெடி. பில் என்று தந்தது ஒரு வெள்ளைத் தாள். டிஸ்க் இரண்டு 4,600, பேட் 1,900, மாஸ்டர் சிலிண்டர் 2,800, பின் ஷூ 1,500, பிரேக் ஆயில் 400, கூலி 2,600. மொத்தம் 13,800. ஜிஎஸ்டி எண் கிடையாது, எந்தக் கம்பெனி பார்ட்ஸ் என்றும் இல்லை. கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டேன், "ஸ்கிராப்காரன் இப்பத்தான் எடுத்துட்டுப் போனான் சார்" என்றார். ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை, வண்டி நின்றது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் பயணம். சீசனில் ஒருவழிப் பாதை என்பதால் போகும்போது குன்னூர் வழி, இறங்கும்போது கோத்தகிரி வழி. கோத்தகிரி தாண்டி இரண்டாவது கியரில்தான் வந்துகொண்டிருந்தேன், ஆனால் முன்னால் வேன்கள் வரிசையாக ஊர்ந்ததால் கால் பிரேக்கிலேயே இருந்தது. குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் பஞ்சை மிதித்த மாதிரி கீழே கீழே போகிறது. இரண்டு மூன்று முறை வேகவேகமாக மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, மறுபடி போய்விட்டது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். நின்றபிறகுதான் கருகிய நாற்றம் தெரிந்தது. பின் சீட்டில் அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சின்னவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, ஏன் நின்றுவிட்டோம் என்று கேட்கிறாள்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சக்கரத்தில் ஊற்றப் போனேன். பின்னால் வந்து நிறுத்திய லாரி டிரைவர் ஓடிவந்து தடுத்தார். "ஊத்தாதீங்க தம்பி, கொதிக்கிற டிஸ்க்ல பச்சத் தண்ணி பட்டா கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். தானா ஆறட்டும்." அந்த மனிதர் முக்கால் மணி நேரம் கூடவே நின்றார், வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கீழே போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டதும் அவர்தான். சூடு ஆறியதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது, அப்படியே ஓட்டிப் போய்விடலாம் போல இருந்தது. அவர்தான் கூடாது என்றார். மேட்டுப்பாளையத்திலிருந்து இழுவை வண்டி வரவழைத்து, 4,500 கொடுத்து, கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

மேட்டுப்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர். "நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க" என்று சொல்லித்தான் சக்கரத்தில் கை வைத்தார். முதலில் முன் டிஸ்க். அதன் ஓரத்தில் என் விரல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். சின்ன வரப்பு மாதிரி ஒரு விளிம்பு நகத்தில் தட்டியது, அதன்மேல் பழைய துரு. பேட் படாத ஓரம் மட்டும் தேயாமல் நின்று இப்படி வருஷக்கணக்கில் உண்டாகிற விளிம்பு அது, பத்து நாள் டிஸ்க்கில் வராது. என்னுடைய பழைய டிஸ்க்கையே லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவரிடம் கொடுத்து, ஓரத்தை விட்டுவிட்டுப் பேட் படுகிற இடத்தை மட்டும் சீவி மாட்டியிருக்கிறார்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அவர் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து காட்டினார், அதைவிடக் குறைந்துவிட்டது. பேட் மட்டும் புதுசு, ஆனால் பெயரே இல்லாத மலிவுச் சரக்கு, மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது.

பிறகு பின் சக்கரம். டயரைக் கழற்றினதும் உள்பக்கம் ஈரமாக ஒரு கோடு, அதில் புழுதி அப்பியிருந்தது. டிரம் அசையவே இல்லை. அதில் இருக்கிற இரண்டு ஓட்டையிலும் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கியபிறகுதான் டொக்கென்று விட்டது, உள்ளேயிருந்து துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. "பத்து நாளைக்கு முன்னாடி கழட்டுன டிரம் இப்படியா பிடிச்சிருக்கும்?" என்று கேட்டார். வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் ஷூவை விரிக்கிற உறுப்பு) இரண்டு பக்கமும் கசிந்து ஷூ முழுக்க ஆயில். அதாவது எனக்கு உண்மையிலேயே அவசரமாகத் தேவைப்பட்ட வேலை அதுதான், அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர் பழையதேதான், துணியால் துடைத்துவிட்டிருக்கிறார்கள். அதில் குறையும் எதுவும் இல்லை என்றார்.

பெடல் ஏன் போனது என்பதையும் சொன்னார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 3 என்கிற வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரைக்கும் இறங்கிவிடும். மலை இறங்கும்போது டிஸ்க் சூடு ஏறி அந்த ஆயில் கொதித்து ஆவியானால், நாம் மிதிப்பது ஆவியைத்தான் நசுக்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. அதனால்தான் ஆறினதும் பெடல் திரும்பி வந்தது. வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில் என் வண்டியில் கடுங்காப்பி நிறத்தில் வெளியே வந்தது. மேலே கொஞ்சம் ஊற்றி அளவு காட்டிவிட்டு மாற்றியதாக 400 போட்டிருக்கிறார்கள். (ஆயில் அளவு குறைந்தால் சும்மா ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ கசியும்.) அவர் டிஸ்க், பேட், வீல் சிலிண்டர், ஷூ எல்லாம் மாற்றி, ஆயிலை முழுசாக வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து (ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), பார்ட்ஸ் டப்பாக்களையும் பழைய சாமான்களையும் டிக்கியில் வைத்து, ஜிஎஸ்டி பில்லோடு 11,200 வாங்கினார்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஒர்க் ஷாப் கவுண்டரில் வைத்தேன். கடைக்காரர் முதலில் "மலை ஏறினா எந்த வண்டியும் அப்படித்தான் சார்" என்றார். போட்டோக்களைக் காட்டினேன். "பையன் தப்புப் பண்ணிட்டான்" என்றார். அப்புறம் இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. எனக்கு ஆத்திரம் காசுக்காக மட்டும் இல்லை. மலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார், அதைச் சொல்லித்தான் வேலையையே பிடித்தார்.

இனிமேல் பிரேக் வேலை என்றால் நான் வண்டியை விட்டுவிட்டு வர மாட்டேன். அரை நாள் போனாலும் பரவாயில்லை, நாலு சக்கரமும் கழன்ற நிலையில் கண்ணால் பார்ப்பேன். பேட் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேட்பேன், மூன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிந்தபிறகு கேட்டால் ஸ்கிராப்காரன் கதைதான் வரும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. அந்த வெள்ளைத் தாள், பணம் அனுப்பிய ஜிபே ரசீது, மேட்டுப்பாளையம் பில், போட்டோ எல்லாவற்றையும் இணைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கெடு கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம்கூடக் கிடையாது. அந்த டிஸ்க் இரண்டும் வீட்டுத் திண்ணையில் சாக்குப் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.