டிசம்பர் குளிருக்கு சாப்பாவா, பூம்பாறையா?

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இதே பேச்சுதான்: மலைக் கிராமத்து வீட்டில் தங்க வியட்நாமின் சாப்பாவா, கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையா? இரண்டிலும் தங்கிப் பார்த்தாயிற்று.

பயணம்
சாப்பா: ஹனோய்க்கு மூன்றரை மணி நேர விமானம், அப்புறம் ஐந்தாறு மணி நேரம் பேருந்து.
பூம்பாறை: மதுரையில் இறங்கி கார். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், பை வைத்துக்கொள்ளுங்கள்.

விசா
சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு வியட்நாமில் 30 நாள் வரை வேண்டாம். இந்தியாவுக்கு இ-விசா வேண்டும்.

குளிர்
சாப்பா: தா வான் கிராமத்து மரவீட்டில் பலகை இடுக்கு வழியே மூடுபனி உள்ளேயே வந்துவிடும். துவைத்த காலுறை மூன்று நாளாகியும் காயவில்லை. படத்தில் பார்க்கும் பச்சை அடுக்கு வயலை எதிர்பார்க்காதீர்கள்; செப்டம்பரிலேயே அறுத்துவிடுவார்கள், டிசம்பரில் வெறும் சேறு.
பூம்பாறை: ஒரு ஸ்வெட்டர், ஒரு கம்பளி போதும்.

சாப்பாடு
பூம்பாறையில் மலைப்பூண்டு ரசம், சுடுசோறு. சாப்பாவில் சைவம் என்றால் டோஃபு, முட்டைக்கோஸ், மறுநாளும் அதே.

அம்மா அப்பாவோடு போனால் பூம்பாறை. சேற்றில் நடக்கத் தெம்பு இருந்தால் சாப்பா. காலுறை மட்டும் ஆறு ஜோடி.