டெரரிசம் கவர்: கட்டடத்துக்கு உண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு?

தர்மபுரியில் கல்யாண மண்டபம் நடத்தும் ஒருவர் போன மாதம் இரண்டு பாலிசிகளை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் எடுத்து வந்தார்: ஒன்று ஃபயர், இன்னொன்று லயபிலிட்டி, அதாவது மண்டபத்தில் அடுத்தவருக்கு அடிபட்டால் நஷ்டஈடு தரும் பாலிசி. ஃபயர் பாலிசியில் பிரீமியம் பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் ‘டெரரிசம்’ என்று ஒரு வரி, அதாவது பயங்கரவாதத்தால் வரும் சேதத்துக்கான காப்பீடு. அதைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். “அதான் கட்டியிருக்கேனேங்க, அப்புறம் லயபிலிட்டிக்கு எதுக்குத் தனியா கேக்கறீங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரி அவருடைய சுவருக்கும் ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் உரியது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேருக்கு அடிபட்டு, நஷ்டஈடு கேட்டு வழக்கு வந்தால் அந்த வரி எட்டிக்கூடப் பார்க்காது. அதற்கென்று வாங்கிய லயபிலிட்டி பாலிசியைப் புரட்டினால், விலக்குகள் பகுதியில் ‘பயங்கரவாதச் செயல்’ என்று தெளிவாக எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்கள் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை) பயங்கரவாத ஆபத்தை ஏற்க மறுத்துக் கையை விரித்தன. நம் நாட்டுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2002 ஏப்ரல் 1 முதல் ஒரு பொது நிதியம் வைத்துக்கொண்டன. தொழிலில் ‘டெரரிசம் பூல்’ என்பார்கள். நிர்வாகம் அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீ. ஓர் இடத்துக்கு 2,000 கோடி ரூபாய் வரை தாங்கும். 2008 நவம்பரில் மும்பை ஓட்டல்களுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இந்த நிதியத்திலிருந்துதான் பணம் போனது. ஆனால் பூல் பார்ப்பது சொத்தை. டெரரிசம் கவர் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டதால், மூன்றாம் நபர் பொறுப்பு என்ற மறுபாதி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மண்டபக்காரருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, விலக்கோடு அப்படியே விட்டுவிடுவது. பெரும்பாலோர் செய்வது இதுதான், செலவும் இல்லை. ஆனால் விலக்கின் வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பயங்கரவாதச் செயலால் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ விளைந்த இழப்பு கிடையாது. வேறு காரணம் ‘கூடவோ, எந்த வரிசையிலோ’ சேர்ந்திருந்தாலும் கிடையாது. யாரோ ஒரு பையை விட்டுப் போகிறான், வெடிக்கிறது. வெடியில் காயம்பட்டவர்கள் நாலு பேர். பின்கதவு பூட்டியிருந்ததால் நெரிசலில் சிக்கியவர்கள் நாற்பது பேர். பின்கதவு மண்டபக்காரரின் அலட்சியம், லயபிலிட்டி பாலிசி இருப்பதே அதற்காகத்தான். ஆனால் இந்த வாசகம் அந்த நாற்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். பாலிசி தந்திருக்க வேண்டிய வக்கீல் செலவும் போச்சு. எனக்கு நஷ்டஈட்டைவிட இதுதான் பெரிய கவலை, வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பல பாலிசிகளில் இன்னொரு வரியும் இருக்கும். விலக்கு பொருந்தும் என்று கம்பெனி சொன்னால், பொருந்தாது என்று நிரூபிப்பது பாலிசிதாரர் வேலை. பொதுவாக விலக்கைக் காட்டுகிற கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், இங்கே தலைகீழ்.

சரி, எது பயங்கரவாதம்? அரசியல், மத, கொள்கை நோக்கத்தோடு வன்முறை அல்லது மிரட்டல், மக்களிடையே பயம் உண்டாக்கும் எண்ணம் என்றெல்லாம் வரையறை அகலமாக இருக்கும். கோர்ட் முத்திரை தேவையில்லை. தர்மபுரியிலேயே 2000 பிப்ரவரி 2 அன்று, அரசியல் போராட்டத்தில் கல்லூரிப் பேருந்தை எரித்து மூன்று மாணவிகளைக் கொன்றார்கள். கொலை வழக்காக நடந்து தண்டனை வந்தது. அதே மாதிரி ஒன்று இன்று நடந்து, இந்த வாசகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலக்குக்குள் வரும் என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002 பயங்கரவாதக் காப்பீட்டுச் சட்டப்படி அரசு சான்று தந்தால்தான் அது ‘சான்றளிக்கப்பட்ட’ பயங்கரவாதச் செயல். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கே அந்தச் சான்று தரப்படவில்லை. இங்கே அப்படி ஒரு நடுவர் இல்லை.

இரண்டாவது வழி, அதே பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டி, விலக்கி வைத்த பாதுகாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே கம்பெனி என்பதால் ‘இது என் தலையில் இல்லை, அவர் தலையில்’ என்ற சண்டை வராது. ஆனால் இதற்குத் தனி உச்சவரம்பு வைப்பார்கள், முழு பாலிசித் தொகை கிடைக்காது. அந்த வரம்புக்குள் வக்கீல் செலவும் அடங்குமா, மேலேயா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

மூன்றாவது, நாசவேலைக்கும் பயங்கரவாதத்துக்கும் தனி பாலிசி எடுத்து, அதில் மூன்றாம் நபர் பொறுப்பையும் சேர்ப்பது. வரம்பு தனி, வாசகமும் விரிவு. ஓசூரில் பன்னாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே இதைக் கேட்கும் தொழிற்சாலை என்றால் யோசிக்கவே வேண்டாம். மண்டபத்துக்குக் குறைந்தபட்ச பிரீமியமே கட்டுப்படியாகாது. அதோடு, இரண்டு பாலிசிகளின் வரையறைகளும் வார்த்தைக்கு வார்த்தை பொருந்தாவிட்டால் நடுவில் விழும் இடைவெளி உங்களுடையது.

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. குளிர்பதனத்துக்கு அம்மோனியா வைத்திருந்து, அது அரசு குறித்த அளவைத் தாண்டினால் 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி பாலிசி கட்டாயம். அந்தச் சட்டம் ‘விபத்து’ என்பதிலிருந்து விலக்குவது போரையும் கதிரியக்கத்தையும் மட்டும்தான்; பயங்கரவாதம் என்ற சொல்லே அங்கே இல்லை. ஆனால் அது தருவது உடனடி நிவாரணம், முழு நஷ்டஈடு அல்ல. அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது.

லாரிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். வண்டியின் பேக்கேஜ் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கு ‘பயங்கரவாதச் செயல்’ பட்டியலிலேயே இருக்கிறது, தனியாகக் கேட்கவே வேண்டாம்.

மண்டபக்காரர் இரண்டாவது வழிக்கு ஒப்புக்கொண்டார். ‘எந்த வரிசையிலோ’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிக் கேட்டோம், கம்பெனி மசியவில்லை. வக்கீல் செலவை வரம்புக்கு மேல் வைக்க மட்டும் சம்மதித்தது. கிளம்பும்போது வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். “பின்கதவுகிட்ட அடுக்கியிருக்கிற பிளாஸ்டிக் சேரையெல்லாம் இன்னிக்கே எடுத்துடுப்பா. பூட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?”