பேஸ் கிட்டாருக்கான ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும்: மொரிசியஸ் மேடைகளில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரோஸ் ஹில்லிலிருந்து இயங்கும் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். தமிழ்த் திருமண வரவேற்புகள், கோவில் சார்ந்த கலைமாலைகள், கடற்கரை விடுதிகளில் நடக்கும் சேகா (மொரிசியஸின் மரபு இசை, நடனம்) நிகழ்ச்சிகள் ஆகியவையே எங்கள் மேடைகள். சில ஆண்டுகளாக நான் பயன்படுத்துவது மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3 என்ற ஆம்ப் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்ளிஃபையர்), பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொன்று கொண்ட இரண்டு பெட்டிகளும். அதற்கு முன் பதினைந்து அங்குல ஸ்பீக்கரோடு கூடிய கனமான காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது) ஒன்றைப் பல காலம் சுமந்தேன். இந்த இரண்டு அமைப்புகளையும் ஒரே மண்டபங்களில் வாசித்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பேஸ் ஒலியைத் தீர்மானிப்பதில் பெட்டிக்கும் அதை வைக்கும் இடத்துக்கும் முதலிடம், ஆம்பின் வாட் அளவுக்கு அதற்குப் பின்தான் இடம். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வாட் அளவை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்றப் பத்து டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. பெட்டிகளின் விவரத் தாளிலோ, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்த ஒலியளவு டெசிபலில் அச்சிடப்பட்டிருக்கும். 97 டெசிபல் பெட்டியை 500 வாட்டில் இயக்குவதும் 100 டெசிபல் பெட்டியை 250 வாட்டில் இயக்குவதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அந்த மூன்று டெசிபலைப் பெட்டியிலேயே வாங்கிக்கொள்வது மலிவு, ஆம்பும் சூடேறாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பெட்டி சிறியதாகவும், அடியொலி ஆழமாகவும், ஒலியளவு மிகுதியாகவும் இருக்கும்படி எவராலும் செய்ய முடியாது. மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். சிறிய பெட்டியில் பூமியதிரும் பேஸ் என்று விளம்பரம் சொன்னால், அங்கே ஒலியளவு குறைவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் பன்னிரண்டு அங்குலப் பெட்டிகள் இரண்டைத் தேர்ந்ததற்குச் சுமையும் ஒரு காரணம். 1969இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்.வி.டி., முந்நூறு வாட் வால்வு ஆம்பும் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய மூடிய பெட்டியுமாக, ராக் மேடைகளுக்கென்றே ஓர் ஒலியை நிலைநாட்டியது. அந்த ஒலியின் மீது எனக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பெட்டி மட்டுமே அறுபது கிலோவுக்கு மேல் வரும். சிறிய காரில் ஏறாது. மாடிப்படியேறும் மண்டபங்களில் இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். நியோடைமியம் காந்தங்களும் சுவிட்ச் முறை மின்வழங்கியும் வந்த பிறகு, ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள ஹெட் ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறது. இன்னொரு காரணம் ஓம் கணக்கு, அதாவது பெட்டிகளின் மின்தடை அளவு. எட்டு ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் லிட்டில் மார்க் 300 வாட் தரும். இரண்டாவதையும் இணைத்து நான்கு ஓம் ஆக்கினால் 500 வாட் தரும். வாட்டினால் வரும் இரண்டு டெசிபலோடு, ஸ்பீக்கர் கூம்புகளின் பரப்பு இரட்டிப்பதால் மேலும் மூன்று டெசிபல் சேர்ந்து, மொத்தம் ஐந்து டெசிபல் அளவுக்கு ஏற்றம் கிடைக்கிறது. சிறு நிகழ்ச்சிக்கு ஒரு பெட்டி, பெரியதற்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ள முடிவது நடைமுறையில் பெரிய வசதி. மூன்றாவது எட்டு ஓம் பெட்டியைச் சேர்த்தால் மின்தடை மூன்று ஓமுக்குக் கீழே இறங்கிவிடும். நான்கு ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்புக்கு அது ஆகாது.

இரண்டு பெட்டிகளையும் பக்கம் பக்கமாக வைப்பவர்களைப் பார்க்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதே நல்லது. மேல் ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதுக்குச் சற்று நெருங்கி வந்துவிடுவதால் மிட் ஒலிகள் (நடுத்தர அதிர்வெண்கள்) காதுக்கு எட்டுகின்றன. மேடையின் இரு ஓரங்களில் நிற்பவர்களுக்கும் ஒலி சீராகப் பரவுகிறது. பக்கம் பக்கமாக வைத்தால் நேர் எதிரே நிற்பவருக்கு ஒரு ஒலி, நான்கடி தள்ளி நிற்கும் கீபோர்டுக்காரருக்கு வேறொரு ஒலி.

இனி மண்டபங்கள். நம் தீவின் திருமண மண்டபங்கள் பெரும்பாலும் கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, தட்டையான கூரை என்று அமைந்தவை; புயல்களைத் தாங்கக் கட்டிய கட்டடங்களில் ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவும் இருப்பதில்லை. பேஸின் திறந்த ஈ கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் வரும் சுரம், 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். இத்தகைய அலைகள் பெட்டியின் முன்புறம் மட்டும் போவதில்லை. பின்புறச் சுவரில் மோதித் திரும்பி வந்து நேரொலியோடு கலக்கின்றன. பெட்டியின் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகில் எதிர்நிலையில் வந்து நேரொலியை அழித்துவிடுகிறது. டி கம்பியின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் (ஃப்ரெட்) உள்ள ஈ, எஃப் என்ற சுரங்கள் விழும் இடம் அதுவே. நான் வழக்கமாக வாசிக்கும் ஒரு மண்டபத்தில் இது துல்லியமாகத் தெரிந்தது. ஒரே விசையில் மீட்டினாலும், டி சுரம் முழுமையாகவும், அதற்கடுத்த ஈயும் எஃபும் உள்ளீடற்றும், ஜி மீண்டும் முழுமையாகவும் கேட்டன. ஆம்பில் எந்தக் குமிழையும் தொடாமல், பெட்டிகளைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். முகம் சுவரிலிருந்து அரை மீட்டருக்குள் வந்ததும் அந்தப் பள்ளம் 170 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிட்டது. அங்கே அது அவ்வளவாகக் காதை உறுத்துவதில்லை. சுவர் அருகில் அடியொலி தானாகவே தடிக்கும் என்பதால் பேஸ் குமிழைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை மூலையில் நிறுத்தினால் இன்னும் தடிக்கும். கான்கிரீட் மண்டபத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூரையின் உயரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. தரைக்கும் கூரைக்கும் நான்கு மீட்டர் இடைவெளி இருந்தால் 43 ஹெர்ட்ஸ் அருகில் நிலையலை (இரண்டுக்கும் இடையே மோதித் திரும்பி வலுக்கும் அலை) எழும். ஈ கம்பியின் முதல் கட்டத்து எஃப் அங்கே விழுவதால், அந்த ஒரு சுரம் மட்டும் மண்டபம் முழுவதும் முழங்கும். இதற்குக் குமிழ்களால் முழுத் தீர்வு கிடையாது. அந்த எஃபை ஏ கம்பியின் எட்டாம் கட்டத்தில் ஒரு எண்சுரம் (ஆக்டேவ்) மேலே வாசிப்பதோ, உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை லேசாக அடக்கி வாசிப்பதோதான் பயன் தருகிறது.

ஈக்யூவைப் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் குமிழ்கள்) பற்றி நிறையக் கேட்கிறார்கள். லிட்டில் மார்க்கின் நான்கு குமிழ்களும் 40, 360, 800, 10,000 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களை மையமாகக் கொண்டவை. 40 ஹெர்ட்ஸ் குமிழை ஏற்றுவதைப் போல ஆம்பின் சக்தியை வீணாக்கும் செயல் வேறில்லை. துளையுள்ள பெட்டிகள் அவற்றின் துளை இசைவுக்கு (துளை ஒத்ததிரும் அதிர்வெண்) கீழே காற்றின் பிடிப்பை இழந்துவிடும். அங்கே சக்தியைத் திணித்தால் கூம்பு வெளியும் உள்ளும் வீணாக ஓடுமே தவிர ஒலி பெருகாது. விவரத் தாளில் எழுதியுள்ள வாட் அளவு, ஸ்பீக்கரின் உள்ளே உள்ள கம்பிச் சுருள் வெப்பம் தாங்கும் எல்லை. கூம்பின் ஓட்டத்துக்கான எல்லை அதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். 41 ஹெர்ட்ஸ் அடித்தளம் வலுவிழந்தாலும், 82இலும் 123இலும் உள்ள மேற்சுரங்களைக் கொண்டு காது அந்த ஈயை முழுமையாகவே உணர்ந்துகொள்கிறது. அதனால் நான் அந்தக் குமிழை நடுவிலிருந்து சிறிது கீழேயே வைக்கிறேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள அதிர்வெண்களை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் பெடல் ஒன்றை 35 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துச் சேர்த்த பிறகு, அதே பெட்டிகள் முன்பைவிட உரக்கவும் சிதறாமலும் ஒலிக்கின்றன. இந்த அமைப்பில் நான் செய்த மாற்றங்களிலேயே செலவுக்கு மிகுந்த பலன் தந்தது இதுதான்.

சேகா வாசிக்கும்போது இது இன்னும் முக்கியம். ரவானின் ஆட்டுத்தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கி வாசிக்கும் கலைஞர், அந்த வட்டப்பறையின் அடித்தட்டுக்கென்று ஓர் இடத்தை எதிர்பார்க்கிறார். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மரபு சேகாவில் பேஸ் கிட்டாரே கிடையாது. மேடைச் சேகாவில் நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். ஆகவே ஆறு-எட்டுத் தாளத்தில் ரவானின் தட்டை மூடாமல், 360 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்று ஏற்றி, அடியை மெலிதாக்கி வாசிப்பதே முறை என்று கருதுகிறேன். பாடகர் காயா 1980களில் சேகாவையும் ரெகேயையும் கலந்து உருவாக்கிய ‘செகே’ இசை வேறு வகை. அதில் பேஸ் பாட்டையே தாங்கி நிற்பதால் அடியொலியைத் திரும்பக் கொடுத்து ட்வீட்டரை (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) முழுவதும் அணைத்துவிடுகிறேன். இளையராஜாவின் பாடல்களுக்கு இரண்டும் பொருந்தாது. அவருடைய பேஸ் வரிகள் பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாக மேல் கட்டங்கள் வரை ஏறி இறங்குபவை. 800 ஹெர்ட்ஸ் குமிழைச் சிறிது ஏற்றினால்தான் ஒவ்வொரு நெளிவும் கடைசி வரிசைக்குத் தெரியும். வி.பி.எஃப். என்ற குமிழ் 380 ஹெர்ட்ஸ் அருகில் வெட்டி அடியையும் உச்சியையும் ஏற்றுகிறது. அறையில் தனியாக வாசிக்க அது இனிமைதான். குழுவோடு வாசிக்கும்போது பேஸ் காணாமல் போய்விடுகிறது.

என் இரண்டாவது பெட்டி பழையதாக வாங்கியது. தனியே சோதித்தபோது நன்றாக ஒலித்தது. முதல் பெட்டியோடு சேர்த்தவுடன் ஒலி கூடுவதற்குப் பதிலாக அடியொலி முழுவதும் மறைந்தது. ஸ்பீக்கர் கேபிளின் இரு கம்பிகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை, நேர்முனைக்கு நேர்முனையாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் பெட்டியின் கூம்பு வெளியே எழுந்தது. இரண்டாவதன் கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. முன்பு எவரோ ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டியபோது முனைகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள். எட்டுத் திருகுகளைக் கழற்றி இரண்டு கம்பிகளை இடம் மாற்றியதும் அடியொலி முழுதாகத் திரும்பியது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் அந்தப் பெட்டிக்கென்றே வந்ததுதானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டேன். பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் குறிப்பிட்ட ஸ்பீக்கரின் தில்-ஸ்மால் அளவுகளுக்கேற்ப (ஸ்பீக்கரின் இயல்பைக் குறிக்கும் எண்கள்) கணக்கிடப்படுபவை. அதிக வாட் தாங்கும் வேறொன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் ஒலி கெடும்.

நம் தட்பவெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராண்ட் பே, ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கத்து விடுதிகளில் திறந்த மேடையில் வாசிப்பவர்களுக்கு உப்புக்காற்றும், கியூர்பிப் மேட்டு நிலத்தில் வசிப்பவர்களுக்கு ஈரமும் தீராத தொல்லை. மரத்தூள் பலகையில் செய்த பெட்டியின் அடி ஊறி உப்பிவிடும்; ஒட்டுப்பலகைப் பெட்டியே நம் ஊருக்கு ஏற்றது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி திடீரென்று பாதியாக அடங்கி, பலமாக மீட்டினால் திரும்பி வருகிறதா? ஆம்ப் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், பின்புறத்து எஃபெக்ட்ஸ் லூப்பின் (வெளி எஃபெக்ட் கருவிகளை இடையில் இணைக்கும் வழி) இரு ஜாக்குகளையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். பயன்படுத்தாத அந்த ஜாக்கின் உள்தொடர்பில் களிம்பு பிடித்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தால் சரியாகிவிடும்.

மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்பின் வோல்ட் அளவைப் பார்க்காமல் செருகக் கூடாது. தோட்டத் திருமணங்களில் ஜெனரேட்டர் ஓடும்போது இரைச்சல் வந்தால், சிலர் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வார்கள். அது உயிருக்கு ஆபத்து. ஆம்பின் டி.ஐ. (ஒலியை நேராக மண்டப மிக்ஸருக்கு அனுப்பும்) வெளியீட்டருகே உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது. அதைப் போட்டாலே பெரும்பாலும் இரைச்சல் நின்றுவிடும். டி.ஐ.யை ஈக்யூவுக்கு முன்னதாக எடுக்கும் நிலையில் வைத்தால், மேடைக்காக நாம் திருப்பும் குமிழ்கள் மண்டபத்தின் ஒலியைக் கலைக்காது. ஒலிப் பொறியாளரும் நிம்மதியாக வேலை செய்வார்.

பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் தங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். ட்வீட்டரை அணைத்துவிட்டு, திறந்த ஈயிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் முழுதாக நிற்க விட்டு, பன்னிரண்டாம் கட்டம் வரை ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் சலசலப்புக் கேட்டால் கைப்பிடி, வலைத்தகடு, ஸ்பீக்கர் திருகு ஆகியவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் அது திருகைச் சரிசெய்வதோடு முடியும் வேலை. எங்கே அழுத்தினாலும் நிற்காமல், உரக்க வாசிக்கும்தோறும் கரகரப்பு மிகுந்தால் சுருள் உரசுகிறது என்று பொருள். அந்தப் பெட்டியை விலையில் ஸ்பீக்கருக்கான செலவைக் கழித்துக்கொண்டு மட்டுமே வாங்குங்கள்.