ஆட்களை வகுப்புக்கு அனுப்புவதா, பயிற்றுநரை வேலைத்தளத்துக்கு அழைப்பதா?

கொழும்பில் ஊழியர்களுக்கு முதலுதவியும் பணியிடப் பாதுகாப்பும் பழக்க நினைக்கும் கொம்பனிக்கு மூன்று வழி உண்டு. செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவற்றின் வகுப்புக்கு இரண்டு மூன்று பேரை அனுப்பலாம். பயிற்றுநரை வேலைத்தளத்துக்கே வரவழைக்கலாம். அல்லது ஒன்லைனில் முடித்துவிடலாம்.

ஒன்லைனை முதலிலேயே ஓரம் வைத்துவிடலாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தால் என்ன சொல்வது, சுட்ட இடத்தை ஏன் 20 நிமிடம் குழாய்நீரில் பிடிக்க வேண்டும், ஏன் பற்பசை பூசக்கூடாது என்பதெல்லாம் திரையில் படித்தாலே போதும். இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சழுத்தம் அப்படி வராது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீற்றர் ஆழம் என்று மனப்பாடமாகச் சொல்பவரும் பயிற்சிப் பொம்மையில் கைவைத்ததும் முழங்கையை மடக்குவார். ஒன்றரை நிமிடத்தில் களைத்து, கையைத் தளர்த்தாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்வார். நெஞ்சு முழுக்க மேலெழாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிரம்பாது, அடுத்த அழுத்தத்தால் பெரிய பயனில்லை. அதைப் பக்கத்தில் நின்று திருத்த ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான். காசு கட்டுமுன் இரு தரப்பிடமும் கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை? ஒருவர் 2 நிமிடம் வீதம் மூன்று முறையாவது அழுத்த வேண்டும். 20 பேருக்கு 2 பொம்மை என்றால் அதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும், எந்த நேரமும் 18 பேர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 5 பொம்மை இருந்தால் 24 நிமிடம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவியின் பயிற்சி மாதிரி உண்டா, வகுப்பு தமிழில் நடக்குமா என்பதையும் கேளுங்கள். சிங்களத்தில் அரைகுறையாக விளங்கிய படிமுறை அவசரத்தில் கைகொடுக்காது.

வெளி வகுப்பின் பெரிய இலாபம், நடுவில் யாரும் "கொஞ்சம் வாங்கோ, லொறி வந்திருக்கு" என்று கூப்பிடமாட்டார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் வெள்ளவத்தை அலுவலகத்துக்கு இது போதும். ஆனால் ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள், அவர் லீவு எடுக்கும் நாளும் வரும்.

புறக்கோட்டைக் களஞ்சியமோ கிராண்ட்பாஸ் பட்டறையோ என்றால் பயிற்றுநரை வரவழைப்பதே நல்லது. அவர் ஒரு சுற்று நடந்தாலே குறைகள் வெளிவரும். தீயணைப்பான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கும். முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கும், திறப்பு முகாமையாளரின் மேசை லாச்சிக்குள். கரண்ட் அடித்தவரைத் தொடுமுன் அணைக்க வேண்டிய மெயின் சுவிட்ச் எங்கே என்று காசாளருக்குத் தெரியாது. தீயணைப்பானை உங்கள் ஆட்களே அடித்துப் பழகட்டும்: ஊசியை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அமுக்கி, பக்கவாட்டில் வீச வேண்டும். காபனீரொட்சைட்டு வகையில் கூம்பைப் பிடித்தால் கை உறைந்து புண்ணாகும். சிறிய தீயணைப்பான் சில வினாடிகளிலேயே காலியாகிவிடும் என்பதும் அடித்துப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

வேலைத்தளப் பயிற்சியைக் கெடுப்பது நிர்வாகமேதான். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நடத்தினால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். ஞாயிறோ போயாவோ பார்த்து, சம்பளத்தோடு நடத்துங்கள்.

எந்த வழியில் பழகினாலும் சில மாதங்களில் கை மறக்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கொரு தடவை பொம்மையை இரவல் வாங்கி அரை மணித்தியாலம் அழுத்திப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தெருமுனையில் போய் நிற்பவர் யார் என்பதையும் அன்றே பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். சுமை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகள் நிறைந்த புறக்கோட்டைக் குறுக்குத்தெருக்களில் அந்த ஆள் இல்லாவிட்டால் சாரதி உங்கள் கடையைத் தேடியே நேரம் போய்விடும்.