ஜெம் தளமா, மாநில டெண்டரா?

மேசை நாற்காலி செய்யும் கோவைப் பட்டறைக்கு அரசிடம் விற்க இரு வழிகள். முதல் வழி, 2016இல் தொடங்கிய மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தை. உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளர், போட்டியில் கலந்துகொள்ளக் கட்டும் முன்வைப்புத்தொகையைக் கட்டத் தேவையில்லை. மிகக் குறைந்த விலையைவிட உங்கள் விலை 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தாலும், அந்த விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பங்கு பெறலாம். வாங்கி விற்பவர்களுக்கு இச்சலுகை கிடையாது, அதுவே நியாயம். ஆனால் போட்டிக்கு நாடே வரும், லாபம் கரையும்.

இரண்டாம் வழியான மாநில டெண்டர்கள் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் நடப்பவை. மின்கையொப்பம் வேண்டும், பல டெண்டர்களில் முன்அனுபவச் சான்றும் கேட்பார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கென்றால் லாரி வாடகை மிச்சம்.

புதியவர் ஜெம்மில் சிறிய ஆர்டர்களை முடித்து, அந்தச் சான்றுகளோடு டெண்டருக்குப் போகலாம். பணம் தாமதமாகலாம், கையிருப்பில்லாமல் இரண்டிலும் இறங்காதீர்கள்.