ஐ.என்.எஸ். மகர்: டேங்க் டெக்கில் ஏழு வருஷம்

கல்கத்தாவில் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 1987-ல் கடற்படையில் சேர்ந்த கப்பல் ஐ.என்.எஸ். மகர். 2023 மே 6 அன்று கொச்சியில் ஓய்வு பெற்றது. அந்த 36 வருஷத்தில், இரண்டு போஸ்டிங்கில் ஏழு வருஷம் நானும் அதில் இருந்தேன்.

மகர் என்றால் முதலை. 120 மீட்டர் நீளம். முன்கதவுகள் விரிந்து சாய்தளம் இறங்கினால், உள்ளே டேங்க் டெக் என்ற தளத்தில் நிற்கும் 15 டாங்கிகள் நேராக மணலுக்குப் போகலாம். கரையை நெருங்கும்போது பின் நங்கூரத்தைப் போட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போவோம். திரும்பும்போது அதைப் பிடித்து இழுத்துத்தான் கப்பலைப் பின்னால் எடுக்க வேண்டும். மணலில் ஏறும் நொடியில் காலுக்குக் கீழே ஒரு நறநறப்பு வரும். எத்தனை முறை ஏறினாலும் அப்போது யாரும் பேச மாட்டோம்.

கரையேற வேண்டும் என்றால் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். நடுக்கடலில் அதுவே படுத்தும். மழைக்காலத்து வங்காள விரிகுடாவில் இந்த வகைக் கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பழைய ஆட்களுக்கே சோறு இறங்காது. 40 டன் டாங்கி ஒன்று, கட்டிவைத்த சங்கிலியில் முனகுவதைக் கேட்டால் தூக்கமும் வராது. அப்புறம் துரு. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். கதவோர ரப்பரைத் துடைத்து கிரீஸ் போட்டு, தரையைச் சுத்தியலால் கொத்தி பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும்.

கப்பல் சேர்ந்த வருஷமே இலங்கைக்கு அமைதிப் படை போனது. அந்த 'பவன்' நடவடிக்கையில் மகரும் இருந்தது. அது எனக்கு முந்தைய காலம். சீனியர்கள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

நான் பார்த்தது 2004 சுனாமி. 1,300 பேருக்கு மேல் மீட்ட கப்பல் இது. சங்கிலி மாட்டுவதற்காக டேங்க் டெக் தரை முழுக்க இரும்புப் பிடிகள் இருக்கும். அவை குத்தாத இடமாகப் பார்த்துத் தார்ப்பாய் விரித்து, மக்களைப் படுக்கவைத்தோம். டாங்கிக்கென்று கட்டிய அந்த வெற்று மண்டபம் அன்று ஊர்ச் சத்திரம் மாதிரி இருந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கப்பலின் பெரிய பலம் அந்த வெற்றிடம்தான். எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

2018-ல் பயிற்சிக் கப்பல் ஆக்கினார்கள். சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். 2020 மே மாதம், கொரோனாவில் மாலத்தீவில் மாட்டிக்கொண்ட 202 பேரோடு அது கொச்சிக்குள் நுழைந்ததை டிவியில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இப்போது இதே வேலைக்கு கேசரி, ஐராவத் போன்ற கப்பல்கள் இருக்கின்றன. அவற்றில் போஸ்டிங் கிடைக்கும் தம்பிகளுக்கு: சாயங்காலம் இறுக்கிய சங்கிலியை விடிந்ததும் இன்னொரு முறை கையால் ஆட்டிப் பாருங்கள். ராத்திரி அலையில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.