மூக்கெலும்பு முறிவு: இப்போதே நேராக்குவதா, பிறகு அறுவை சிகிச்சையா?

எந்த வழி என்று யோசிக்கும் முன் மூக்கின் உள்ளே பார்த்தாக வேண்டும். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் ஒரு துளையிலோ இரு துளையிலுமோ மெத்தென்ற புடைப்பு தெரியும். அடைப்பும் வலியும் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுவரில் உள்ள குருத்தெலும்புக்கு ஊட்டம் தருவது அதன் மேலுறைதான். ரத்தக்கட்டு அந்த உறையைப் பிரித்துவிடுவதால் சில நாளிலேயே குருத்தெலும்பு செத்து, மூக்குத்தண்டு குழிவிழும். அன்றைக்கே கீறி வடிக்க வேண்டும். தெளிந்த நீர் சொட்டினாலும் காத்திருக்கக் கூடாது. மூளைத் தண்டுவட நீர் கசிவதாக இருக்கலாம்.

எலும்பு விலகவில்லை, மூச்சும் தடையில்லை என்றால் தானே ஆறட்டும். எக்ஸ்ரேயில் கீறல் தெரிவது மட்டும் சிகிச்சைக்குக் காரணமாகாது.

கோணியிருந்தால், வெட்டாமல் நேராக்குவதே முதல் தேர்வு. வீக்கம் வடிய 3 முதல் 5 நாள் விட்டு, பெரியவர்களுக்கு 2 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும், ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். அடிபடுவதற்கு முன் எடுத்த படத்தைக் கொண்டுபோங்கள். பிறவியிலேயே சற்றுக் கோணிய மூக்குகள் நிறைய உண்டு. லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் நனைத்த பஞ்சு வைத்து, ஊசியும் போட்டு மரத்தபின், தட்டையான நெம்பியை உள்ளே விட்டு, அமுங்கிய எலும்பைத் தூக்கி, வெளியிலிருந்து விரலால் நடுவுக்குத் தள்ளுவார்கள். வேலை சில நிமிடம்தான். மேலே ஒரு வாரம் அளவுக்குக் கட்டு இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சாய்ந்த முறிவுக்கு இந்த மரப்பு ஊசி போதும். குழந்தைகளுக்கும், பல துண்டாக நொறுங்கியவர்களுக்கும், நடுச்சுவரும் விலகியவர்களுக்கும் முழு மயக்கம்தான் சரி. பாதியில் வலித்துத் தலையை இழுத்தால் எலும்பு பாதி தூரத்திலேயே நின்றுவிடும்.

இந்த முறை தோற்பதற்குப் பெரும்பாலும் எலும்பு காரணமில்லை, நடுச்சுவர்தான். வளைந்த குருத்தெலும்பை அப்படியே விட்டால், நேராக்கிய எலும்பையும் அது மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சுவர் கடுமையாக மடங்கியிருக்கும்போது எலும்பை மட்டும் திருப்பித் திருப்பித் தள்ளுவது வீண்வேலை.

அத்தகையவர்களுக்கும், 2 வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கும் நடுச்சுவரையும் எலும்பையும் சேர்த்துத் திருத்தும் அறுவை சிகிச்சை. திசுக்கள் இளகச் சில மாதம், பலர் 6 மாதம், காத்திருந்து செய்வார்கள். கூடிய எலும்பை மறுபடி அறுத்து நகர்த்த வேண்டும். முழு வடிவம் படிய ஓராண்டு வரை ஆகும். வளரும் பிள்ளைகளுக்கு இதைப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள்.

எந்த வழியானாலும் முதல் வாரங்களில் மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள். கனமான மூக்குக்கண்ணாடி மூக்குத்தண்டில் உட்கார வேண்டாம். மோதல் உள்ள விளையாட்டுக்கு 6 வாரம் விடுப்பு.